எதிர்மலை தெரியாத நாட்கள்

ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை கிடைப்பது ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில். தென்மேற்குக் காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரமில்லாத வெறுங்காற்றாக எங்கள் பக்கம் இறங்கும். அந்தக் கச்சான் காற்றுப் பட்டுக் கொழுந்து மெதுவாகத்தான் துளிர்க்கும். ஆனால் அதற்கென்று ஒரு வாசனை ஏறும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இருப்பவர்கள் சீசன் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அதே காற்றில்தான் பத்தனா என்னும் புல்வெளியில் மானாப்புல் காய்ந்து, யாராவது ஒரு குச்சி கிழிக்கட்டும் என்று காத்து நிற்கும்.

யாராவது கிழித்தும் விடுவார்கள். எங்கள் மலைகளில் நெருப்பு தானாகப் பற்றுவதை நான் பார்த்ததில்லை. மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைப்பவர்கள் உண்டு. பன்றி, முயல் விரட்ட வைப்பவர்கள் உண்டு. பீடித்துண்டை எறிந்துவிட்டுப் போகிறவர்களும், சும்மா வேடிக்கைக்கு வைப்பவர்களும் உண்டு. புல்லில் பற்றியது பைனஸ் (பைன்) மரங்களுக்குத் தாவினால் முடிந்தது கதை. கீழே முழங்கால் அளவுக்குக் காய்ந்த ஊசியிலை, மரத்துக்குள்ளே பிசின். இரண்டு மூன்று நாட்களுக்கு அணையாது.

நான் அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக, மலையில் வேலையை மேற்பார்க்கிறவனாக இருந்தவன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். 2023 ஓகஸ்டில் அங்கே என் பொறுப்பில் இருந்த 27 பெண்களைப் புகைக்குள் நிறுத்தி அரை நாள் வேலை வாங்கினேன். அதில் ஓர் அக்கா கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்திருப்பார். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

அந்த வருடம் நல்ல வறட்சி. உடவளவைப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் இல்லை என்று விவசாயிகள் ரோட்டில் இறங்கிய அதே நாட்கள். எங்களுக்கு எதிரே, பள்ளத்தாக்கைத் தாண்டி நாலு கிலோமீற்றர் தூரத்தில் இருந்த பைனஸ் மலையில் முதல்நாள் பின்னேரம் நெருப்பு. ராத்திரி பார்த்தால் சிவப்புச் சங்கிலி மாதிரி ஒரு கோடு. லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நெருப்பு நம் பக்கம் வராது, நடுவில் ஆறு இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாகப் படுத்துவிட்டோம்.

நெருப்புக்குத்தான் ஆறு தடை, புகைக்கு இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் மழைக்குப் பயப்படுகிற ஆட்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போன பிறகு, இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் இந்தப் பக்கத்தில் எவருக்கும் தூக்கம் வராது. புகைக்கு அப்படிப் பயந்தவர்கள் யாரும் இல்லை. புகை என்ன, அடுப்பில் தினமும் இருப்பதுதானே.

காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்துக்கு வந்தபோது பள்ளத்தில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. பனி என்றுதான் நினைத்தேன். ஆத்தோரத்து மலையில் (தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியையும் நாங்கள் மலை என்போம்) கொழுந்து எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ரவுண்டு, அதாவது அடுத்த தடவை கொழுந்து எடுக்கும் முறை, பிந்துகிறது என்று மேலே இருந்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆட்களைக் கீழே இறக்கினேன். போய்ப் பத்து நிமிடம் இருக்காது, கங்காணி வந்து சொன்னார்.

“ஐயா, தொண்டைய அறுக்குதுங்க. பொம்பளைங்க எல்லாம் இருமுறாங்க.”

“வெயில் ஏறினா காத்து மாறிடும் கங்காணி. பத்து மணி நிறுவை வரைக்கும் பாருங்க.”

இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

நிறுவைக்கு வரிசையாக வந்தார்கள். கொழுந்தின் மேல் சாம்பல் பொட்டுப்பொட்டாக இருந்தது. ஒருவர் மூக்கைத் துடைத்த சேலைத் தலைப்பில் கறுப்பு. இருமுகிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமாமல் நின்ற ஒருவரைப் பார்க்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். கூடையை இறக்காமல் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றார். கழுத்தடியில், காறை எலும்புக்கு மேலே, ஒவ்வொரு மூச்சுக்கும் குழி விழுந்து விழுந்து மீண்டது. “என்னாக்கா?” என்று கேட்டேன். பதில் சொல்ல வாய் திறந்தார். இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. உதடு ஊதாவாக இருந்தது.

அவருக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருந்தது எனக்குத் தெரியாது. கங்காணிக்கும் தெரியாது. பக்கத்து வரிசைப் பெண்ணுக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கொழுந்து லொறியில்தான் ஏற்றினோம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்குப் போன் அடித்தோம், அம்புலன்ஸ் பெரிய ரோட்டு வரைக்கும் வந்துவிட்டது; ரோட்டுக்குப் போய்ச் சேர்வதுதான் எங்களுக்குக் கஷ்டம். நடுவில் தோட்டத்து மருந்துக் காம்பராவில் (அறையில்) இருந்த ஈ.எம்.ஏ., அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர், ஒரு வேலை செய்தார். அதை வாழ்நாளில் மறக்கமாட்டேன். 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, அடியில் கத்தியைச் சூடாக்கி ஓட்டை போட்டு, நீலநிறப் பம்பின் (இன்ஹேலரின்) வாயை அதில் செருகினார். போத்தலின் வாயை அக்காவின் வாயில் வைத்து, ஒரு தடவை அழுத்தி, நாலைந்து மூச்சு எடுக்க வைத்தார். மறுபடி ஒரு அழுத்து, மறுபடி நாலைந்து மூச்சு. மூச்சுத் திணறுகிறவர் பம்பை நேரே வாயில் வைத்தால் மருந்தில் பாதி நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிவிடுமாம். போத்தலுக்குள் அடித்தால் மூட்டமாக நின்று நெஞ்சுக்குள் போகும். ஆறேழு அழுத்தில் அவரால் ஒரு முழு வசனம் பேச முடிந்தது. பேசிய முதல் வசனம், “எம் பேரு விழுகுமாங்க ஐயா?”

மலையகத்தில் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். பேர் என்பது ஒரு நாள் வேலை, அந்த நாளின் சம்பளம். அப்போது 1000 ரூபாய். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர். பாதியில் போனாலும் அரைப் பேர். அவர் வாய்விட்டுக் கேட்டது அதைத்தான். நோயை மறைத்ததும் அதற்காகத்தான். இழுப்புக்காரர் என்று தெரிந்தால் வேலைக்கு எடுக்கமாட்டார்கள், லேசான வேலை என்று சொல்லிப் பேரைக் குறைப்பார்கள் என்று பயம். அந்தப் பயம் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. அப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

புகை நாட்களில் ஆட்களைக் காப்பாற்ற முகக்கவசம் வாங்கினால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நெஞ்சு அடைக்கிற ஆள் ஏன் மலையை விட்டு ஏறவில்லை? ஏறினால் அன்றைக்கு 500 ரூபாய் போகும். அதைச் சரிசெய்யாமல் என்ன வாங்கிக் கொடுத்தாலும் வேலைக்காகாது.

அன்றைக்குப் பகல் பன்னிரண்டரைக்கு வேலையை நிறுத்தினார்கள். ஆட்களை நினைத்து அல்ல. ஸ்டோரில் கொழுந்தை மோந்து பார்த்தவர், புகை வாடை அடிக்கிறது, தூளில் ஏறிவிட்டால் விலை போகாது என்று போன் பண்ணியிருந்தார். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், அது உண்மைதான். அதனால் அவரை நான் குறை சொல்லவில்லை. கொழுந்தை மோந்து பார்க்க ஓர் ஆள் இருந்தார், எடுக்கிறவர்களைப் பார்க்க இருந்த ஆள் நான்.

சரி, இனி கற்றுக்கொண்டது.

முதலில், கண்ணுக்குத் தெரிகிற சாம்பல் அவ்வளவு ஆபத்தில்லை. அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், துப்பிவிடலாம். உள்ளே போவது 2.5 மைக்ரோனுக்கும் சிறிய தூசி. தலைமயிரின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு. அது நுரையீரலின் கடைசிப் பை வரைக்கும் போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். இழுப்பு இருப்பவர்களுக்கு மட்டுமில்லை, இதய நோய்க்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதனால் கேடு. 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீற்றர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. காட்டுத் தீப் புகை படிந்த பள்ளத்தில் அது சர்வசாதாரணமாக நூறைத் தாண்டும்.

அதோடு கொழுந்து எடுக்கிற வேலை. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு 6, 8 லீற்றர் காற்றைத்தான் இழுப்பார். கூடையில் பத்துக் கிலோவோடு மேடு ஏறுகிறவருக்கு 30ஐத் தாண்டும். மூக்கை விட்டு வாயால் மூச்சு வாங்க ஆரம்பித்தால், மூக்கு வடிகட்டுவதும் இல்லாமல் போகும். கந்தோரில் இருக்கிறவருக்குக் கண் எரிச்சலோடு போகிற புகை, மலையில் இருக்கிறவருக்கு அப்படிப் போகாது. “எனக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்று வராந்தாவில் நின்று சொல்லும் ஐயாமார் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, புகை எங்கே தேங்கும் என்று தெரிந்துகொள்வது. ராத்திரியில் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு இறங்கும், புகையையும் கூடவே இறக்கும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். விடியற்காலையில் ஆத்தோரத்து மலைகள்தான் மோசம். வெயில் ஏறி நிலம் சூடான பிறகு மூடி திறக்கும், காற்று சரிவில் மேலே ஏறத் தொடங்கும். அன்றைக்கு நான் செய்தது அப்படியே தலைகீழ். காலையில் மேல் மலையில் வேலை வைத்து, பத்துப் பதினொரு மணிக்குப் பிறகு தெளிந்தால் மட்டும் கீழே இறக்கியிருக்க வேண்டும். ரவுண்டு ஒரு நாள் பிந்தியிருக்கும், அவ்வளவுதான். இதற்கு ஒரு சதம் செலவில்லை.

ஆனால் காலையில் மேலே, பகலில் கீழே என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடவும் முடியாது. நெருப்பு நம் சரிவுக்குக் கீழேயே எரிந்தால் பகல் காற்று அந்தப் புகையை நேரே மேல் மலைக்குத்தான் கொண்டுவரும். தினமும் நெருப்பு எங்கே, காற்று எங்கிருந்து என்று பார்த்தே ஆக வேண்டும்.

பனியா புகையா என்பது இன்னொரு சிக்கல். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளையாக வரும். அந்த அக்காதான் பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தேயிலைச் செடிமேல் சிலந்தி வலை இருக்கும் அல்லவா, பனி என்றால் அதில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். புகை என்றால் வலை காய்ந்து கிடக்கும், விரலால் தொட்டால் சாம்பல் ஒட்டும். கொழுந்தைத் தொட்டால் கை நனைகிறதா என்று பாருங்கள் என்றார். நாற்பது வருடம் செடியோடு இருந்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா. நான்தான் கேட்டதில்லை. (இரண்டும் கலந்து வரும் நாளும் உண்டு. அன்றைக்கு வாடையையும் சூரியனின் நிறத்தையும் நம்ப வேண்டியதுதான். புகைக்குள் சூரியன் மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும்.)

காற்றின் தரத்தை அளக்கும் கருவி எங்கள் தோட்டத்தில் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் காற்றுத் தரச் சுட்டெண்ணைப் போனில் பார்க்கலாம், பார்ப்பது நல்லதுதான். ஆனால் டவுனில் இருக்கிற கருவி சொல்வது ஆத்தோரத்து மலைக்குப் பொருந்தாது. ஒரு மலை தாண்டினால் காற்று வேறு. அதனால் கண்ணால் அளக்க அடையாளம் வைத்துக்கொண்டோம். பெரட்டுக்களத்தில் நின்று பார்த்தால் கோயில் அரசமரம் ஒரு கிலோமீற்றர், எதிர்மலையின் பைனஸ் வரி நாலு கிலோமீற்றர். பைனஸ் வரி மரம் மரமாகத் தெரிந்தால் வழமையான வேலை. மரம் தெரியாமல் மலையின் உருவம் மட்டும் தெரிந்தால் பட்டியலில் உள்ளவர்கள் (அந்தப் பட்டியலைப் பிறகு சொல்கிறேன்) கீழே இறங்கக் கூடாது, மற்றவர்களுக்கு முகக்கவசம். மலையே தெரியாவிட்டால் அந்தப் பள்ளத்தில் யாருக்கும் வேலை இல்லை. அரசமரமும் மங்கினால் வெளிவேலை எதுவும் கிடையாது. இது விஞ்ஞானக் கணக்கு இல்லை, எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்டது. ஆனால் யார் நின்று பார்த்தாலும் ஒரே பதில் வரும் என்பதால், துரைக்கும் (தோட்ட முகாமையாளருக்கும்) ஆட்களுக்கும் நடுவில் வாக்குவாதம் குறைந்தது.

எண் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 2019இலிருந்து ஒரு விதி இருக்கிறது. அந்தச் சுட்டெண் நுண்தூசிக்கு 151ஐத் தொட்டால், திராட்சையும் ஸ்ட்ரோபெரியும் பறிக்கிற வெளிவேலைக்காரர்களுக்கு முதலாளி முதலில் வேலை இடத்தையோ நேரத்தையோ மாற்றிப் பார்க்க வேண்டும். அது முடியாவிட்டால் இலவசமாக முகக்கவசம் வைக்க வேண்டும். 500ஐத் தாண்டினால் அணிவது கட்டாயம். அதைவிட எனக்குப் பிடித்தது, புகையின் கெடுதியை ஆட்களுக்கு விளங்குகிற மொழியில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதியிருப்பது. எங்கள் சின்னத்துரைதான் (உதவி முகாமையாளர்) போனில் தேடி இதைக் காட்டினார். நல்ல பையன். பெரிய துரையிடம் பேச என்னோடு வந்ததும் அவர்தான்.

பெரிய துரையிடம் தர்மம் நியாயம் பேசப் போகவில்லை, கணக்கோடு போனோம். அந்த ஒரு நாளுக்குப் பிறகு என் 27 பேரில் 6 பேர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அந்த வாரம் மொத்தம் 19 பேர், அதாவது 19 நாள் வேலை, இல்லாமல் போனது. எடுக்காத மலை முற்றிப்போனது. லொறி இரண்டு நடை வைத்தியசாலைக்கு ஓடியது. புகை நாளில் கிலோவைக் குறைத்து முழுப்பேர் கொடுத்திருந்தால், மேல் மலைக்கு அனுப்பியிருந்தால் இதில் கால்வாசிகூடப் போயிருக்காது. தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி பார்த்தார். எதிர்மலை தெரியாத நாளில் கிலோக் கணக்கு இல்லை, வந்தவர்களுக்கு முழுப்பேர் என்று ஒத்துக்கொண்டார். எழுத்தில் தரவில்லை. வாய்ச்சொல்தான். இன்னும் அது எனக்கு உறுத்தல்தான், ஏனென்றால் துரைமார் மாறுவார்கள்.

பட்டியல் என்று சொன்னேனே, அது ஈ.எம்.ஏ.விடம் மட்டும் இருந்தது. இழுப்பு, நெஞ்சு வருத்தம், பிரஷர், கர்ப்பிணிகள், அண்மையில் சளிக்காய்ச்சல் வந்தவர்கள். பெரட்டில் பெயர் கூப்பிட்டு “நீங்கள் நோயாளி, தள்ளி நில்லுங்கள்” என்றால் அடுத்த நாளே பட்டியலில் யாரும் இருக்கமாட்டார்கள். அதனால் புகை நாளில் அவர்களை நர்சரி வேலைக்கும் ஸ்டோருக்குள் இருக்கும் வேலைக்கும் மற்ற நாலைந்து பேரோடு கலந்து அனுப்பினோம். யார் நோய்க்காரர் என்று வெளியே தெரியாது. முழுப்பேர் உறுதி என்று தெரிந்த பிறகு, நான் எதிர்பார்க்காத பதினொரு பேர் தாங்களாகவே போய் ஈ.எம்.ஏ.விடம் சொன்னார்கள். 27 பேரில் அல்ல, முழு டிவிஷனிலும்தான். ஆனாலும் பதினொன்று!

முகக்கவசத்துக்கு வருகிறேன். கொரோனாக் காலத்து மிச்சமாக நீல நிறச் சேர்ஜிக்கல் கவசம் பெட்டி பெட்டியாகக் கிடந்தது. அதைக் கொடுத்தால் போதும் என்று நினைத்தேன். கன்னத்தின் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும், புகை அந்த வழியாகப் போகும். நனைத்த துண்டைக் கட்டினாலும் அப்படித்தான். குளிர்ச்சியாக இருப்பதால் நல்லது என்று தோன்றும், பெரிய சாம்பலைப் பிடிக்கும், நுண்தூசியைப் பிடிக்காது. வேண்டியது என்95. நுண்தூசியில் குறைந்தது 95 வீதத்தைத் தடுக்கும் என்று சோதிக்கப்பட்டது. முகத்தோடு ஒட்டி இருந்தால்தான் அதுவும். தாடி வைத்த ஆண்களுக்கு ஒட்டாது.

எங்கள் பெண்களுக்கு அதில் இரண்டு சிக்கல் வந்தது, எந்தப் பெட்டியிலும் எழுதாத சிக்கல். கூடைக் கயிறு உச்சந்தலையில் விழும். கவசத்தின் மேல்பட்டியும் அதே இடத்தில். கூடை கனக்கக் கனக்கக் கயிறு பட்டியைப் பின்னால் இழுத்து, கவசம் மூக்கிலிருந்து தூக்கிக்கொள்ளும். முதல் நாள் எல்லோரும் கழற்றிக் கூடைக்குள் போட்டுவிட்டார்கள். அக்கா ஒருவர்தான் வழி கண்டுபிடித்தார். கவசத்தை முதலில் போட்டு, மேல்பட்டியைக் கொண்டைக்கு மேலே வைத்து, அதன்மேல் துணியை மடித்துக் கட்டி, துணிமேல் கயிறு. கயிறு துணியில் வழுக்கும், பட்டி அசையாது. காதில் மாட்டும் வகை இதைவிட லேசு, ஆனால் ஓரத்தில் ஒழுகும். கிடைக்காத இடத்தில் அதுவாவது போடலாம்.

இரண்டாவது, வெற்றிலை. வாயில் வெற்றிலையோடு கவசம் போட்டால் எங்கே துப்புவது? சிரித்தேன் முதலில். பிறகுதான் விளங்கியது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கவசத்தை இறக்கினால் கவசம் போடாததற்குச் சமம். வெற்றிலையை விடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மேல் ரோட்டில் இருக்கும் கொழுந்து மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) ஏற்றினோம். அங்கே கவசத்தைக் கழற்றி, வெற்றிலை போட்டு, தேத்தண்ணீர் குடித்து, துப்பிவிட்டுத் திரும்ப வரலாம். கவசம் போட்டு வேலை செய்தால் எப்படியும் களைப்பு அதிகம், ஓய்வு வேண்டும். வெற்றிலை எங்களுக்கு மணிக்கூடு ஆனது. வியர்வையில் நனைந்து மூச்சு விடக் கஷ்டமானால் புதியது கொடுக்க வேண்டும், கழுவிக் காயப்போடக் கூடாது. கழுவினால் அதன் சத்து போய்விடும். லயத்துக் கொடியில் என்95 காய்வதைப் பார்த்த பிறகுதான் இதையும் சொல்லிக்கொடுத்தோம்.

கருப்பட்டி தின்றால் புகை இறங்கும், பால் குடித்தால் நெஞ்சு கழுவும் என்பார்கள். தின்னுங்கள், நல்லதுதான், நெஞ்சைக் கழுவாது.

வேலை முடிந்தால் புகை முடிந்துவிடாது. ராத்திரி லயத்துக்குள்ளும் அதே காற்றுதான், அதுவும் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கை போகிற இடைவெளி. அன்றைக்கு வீட்டுக்குப் போன ஒரு பெண்ணுக்கு ராத்திரி இரண்டு மணிக்குத்தான் இழுப்பு வந்தது. அதனால் இடைவெளியைப் பழைய துணியால் அடைக்கச் சொன்னோம். நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் அந்த நாட்களில் வேண்டாம், அதுவும் நுண்தூசிதான். விறகடுப்பை முடிந்தால் வெளிப்பக்கம் வைக்கச் சொன்னோம். பிள்ளைக் காம்பராவின் (குழந்தைகள் காப்பகத்தின்) ஓர் அறையை மட்டும் நன்றாக அடைத்து, அடுப்புப் பக்கக் கதவை மூடி, இழுப்புக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் ராத்திரி அங்கே படுக்கலாம் என்று வைத்தோம். நாலு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வீட்டில் யார் பார்ப்பது என்று வரவில்லை, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நெருப்பு அணைத்த பிறகும் கவனம் வேண்டும். சாம்பல் படிந்த மலையில் காய்ந்தபடியே புல் வெட்டினால், கவ்வாத்து வெட்டினால் எல்லாம் மறுபடி கிளம்பும். ஒரு மழை விழும் வரைக்குமோ, மருந்தடிக்கும் டாங்கியால் தண்ணீர் தெளிக்கும் வரைக்குமோ தள்ளிப்போடுவது நல்லது. பைனஸ் வேர் மண்ணுக்கடியில் நாட்கணக்கில் புகையும், மேலே ஒன்றும் தெரியாது, காலை வைத்தால் இறங்கும்.

எனக்கு இன்னும் தீராத இடம் ஆண்கள். நெருப்பு தோட்டத்து எல்லைக்கு வந்தால் முதலில் கூப்பிடுவது அவர்களைத்தான். கையில் பச்சைக் கொப்பு, அதால் அடித்து அணைப்பது. எல்லோரையும்விடப் புகைக்குக் கிட்ட நிற்பவர்கள் அவர்கள்தான், கவசம் ஒன்றும் இருக்காது, போட்டாலும் என்95 காபன் மொனொக்சைட்டைத் தடுக்காது. அது நிறமும் வாடையும் இல்லாத வாயு. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, கால் தள்ளாட்டம் என்று வந்தால் அது வெறும் களைப்பு இல்லை. உடனே ஆளை வெளிக்காற்றுக்கு இறக்க வேண்டும், தனியே நடக்க விடக் கூடாது. நாங்கள் செய்ய முடிந்தது இவ்வளவுதான்: தனியாக யாரும் போவதில்லை, இருபது நிமிடத்துக்கு ஒரு கூட்டம் மாறும், காற்று முகத்துக்கு நேரே வருகிற பக்கம் நிற்பதில்லை, மேட்டில் நின்று கீழே எரிவதை அடிப்பதில்லை. மலை உச்சியில் எரிவதை விட்டுவிட்டு 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்வது. விமானப்படை ஹெலிகொப்டரில் வாளி கட்டித் தண்ணீர் ஊற்றுகிற வேலையைக் கொப்பால் செய்ய முடியாது. அதைவிட, ஜூன் மாதத்திலேயே எல்லையில் இரண்டு ஆள் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி மண் தெரிய வைத்தால் பாதித் தொல்லை குறையும். வருடா வருடம் சொல்வோம், வருடா வருடம் ஜூலையில்தான் ஆள் கிடைக்கும்.

அக்கா பிழைத்துக்கொண்டார். வைத்தியசாலையில் நாலு நாள். திரும்பி வந்ததும் பம்பும் ஓட்டை போட்ட போத்தலும் கூடைக்குள்ளேயே ஒரு ஷொப்பிங் பையில் இருக்கும். பெரட்டுக்களத்தில் இன்னொன்று ஆணியில் தொங்கும். அடுத்த வருடம் ஓகஸ்டில் ஒரு காலை, நான் செக்றோலை (வேலைப் பதிவேட்டை) திறப்பதற்கு முன்னாலேயே அவர் களத்தின் ஓரத்தில் கையைப் புருவத்துக்கு மேல் வைத்து நின்றுகொண்டிருந்தார்.

“பைனஸ் வரி தெரியுதாக்கா?”

“மரம் தெரியலைங்க ஐயா. மலை தெரியுது.”

“அரசமரம்?”

“அது தெரியுது. வலையப் பாத்தேன், காஞ்சு கெடக்கு.”

கங்காணி என் முகத்தைப் பார்த்தார். ஆத்தோரத்து மலைக்கு அன்றைக்கு எட்டாம் நாள்.

“மேல் மலைக்கு ஏத்துங்க கங்காணி” என்றேன். அக்கா கூடையை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில், “வெத்தல வாங்கிட்டு வந்திருக்கேன், மடுவத்துல வச்சிடுறேன்” என்றார்.